பெயர் சொல்லாதவரின் குரலும் பத்திரிகையின் பொறுப்பும்

“நம்பகமான வட்டாரங்கள் தெரிவிக்கின்றன”, “தமது பெயரை வெளியிட விரும்பாத உயரதிகாரி ஒருவர் கூறினார்” என்பன போன்ற தொடர்களைக் காணாமல் ஒரு நாளிதழை வாசித்து முடிப்பது அரிது. பல்லாண்டுப் பழக்கத்தினால் வாசகரின் கண் அவற்றில் தங்குவதில்லை. அந்த வட்டாரம் யார், அவ்வதிகாரி எதற்காகப் பேசினார், அவர் கூறியதைப் பத்திரிகை எவ்வாறு சரிபார்த்தது என்னும் வினாக்களும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும், உலகின் வல்லமை மிக்க பதவியொன்றில் இருந்தவர் அதனைத் துறக்க நேர்ந்த வரலாற்றின் ஒரு பகுதி இத்தகைய பெயரில்லாக் குரல் ஒன்றோடு பிணைந்துள்ளது. பிறிதொரு தருணத்தில் அதே விதமான குரல்கள் ஒரு யுத்தத்துக்கான பொய்க்காரணத்துக்குத் துணைபோயும் உள்ளன. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

பத்திரிகையாளர் ஒருவரையும் இருளில் நின்று அவரோடு பேசும் ஒருவரையும் மையமாக வைத்து எடுக்கப்பட்ட திரைப்படங்களுள் தலையாயது 1976 ஆம் ஆண்டு வெளியான ‘ஓல் த பிரசிடன்ஸ் மென்’ ஆகும். அலன் பக்கூலாவின் நெறியாள்கையில் ரொபேர்ட் ரெட்போர்டும் டஸ்டின் ஹொப்மனும் இரு நிருபர்களாக நடித்த இப்படம் நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. துப்பாக்கி வெடிக்கும் காட்சியோ வாகனத் துரத்தலோ அதில் இல்லை. தொலைபேசி உரையாடல்களும் தட்டச்சு இயந்திரத்தின் ஓசையும் கதவு திறக்கத் தயங்கும் மனிதர்களின் முகங்களுமே பார்வையாளரை இருக்கையின் விளிம்பில் வைத்திருக்கின்றன. நள்ளிரவு கடந்த வேளையில் நிலத்தடி வாகனத் தரிப்பிடமொன்றின் தூணருகே, முகம் பாதி மறைந்த நிலையில், சிகரெட் புகையினூடாகப் பேசும் மனிதரே அப்படத்தின் நினைவில் நிற்கும் உருவம். ஹல் ஹொல்புரூக் அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

அது கற்பனைப் பாத்திரமன்று. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையின் நிருபர்களான பொப் வூட்வேர்ட், கார்ல் பேர்ன்ஸ்டைன் ஆகிய இருவரும் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ‘டீப் த்ரோட்’ என்னும் புனைபெயரில் அவர் முதன்முதலாக வாசகருக்கு அறிமுகமானார். அவர் யார் என்பது 30 ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க அரசியலின் பெரும் புதிராக இருந்து வந்தது.

வோட்டர்கேட்டில் தொடங்கிய கதை

1972 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் திகதி அதிகாலை, வாஷிங்டனின் வோட்டர்கேட் கட்டடத் தொகுதியில் அமைந்திருந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய தலைமையகத்துள் ஐவர் கைதுசெய்யப்பட்டனர். கதவின் பூட்டு விழாதவாறு ஒட்டப்பட்டிருந்த ஒட்டுநாடாவைக் கண்ட இரவுக் காவலாளி ஒருவர் பொலிஸாருக்கு அறிவித்ததே இதற்குக் காரணம். பிடிபட்டவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மெக்கோர்ட், சி.ஐ.ஏ.யின் முன்னாள் ஊழியர். அத்துடன் ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனை மீளத் தெரிவு செய்வதற்கான குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளராகவும் அவர் இருந்தார். சாதாரணத் திருட்டு முயற்சியொன்று ஆளும் தரப்பின் தேர்தல் குழுவோடு தொடர்புற்றது இவ்வாறுதான்.

அப்போது வூட்வேர்டுக்கு வயது 29, பேர்ன்ஸ்டைனுக்கு 28. வூட்வேர்ட் அப்பத்திரிகையில் சேர்ந்து ஓராண்டு கூட நிறைவடைந்திருக்கவில்லை. ஆனால் ஏனைய பல மூத்த நிருபர்களிடம் இல்லாத ஒரு தொடர்பு அவரிடம் இருந்தது. கடற்படை அதிகாரியாகக் கடமையாற்றிய காலத்தில், ஆவணப் பொதியொன்றை வெள்ளை மாளிகையில் ஒப்படைக்கச் சென்று காத்திருந்த வேளையில், அருகில் அமர்ந்திருந்த நடுத்தர வயதினர் ஒருவரோடு அவர் பேச்சுக்கொடுத்தார். தமது எதிர்காலம் குறித்து அவரிடம் ஆலோசனை கேட்டார். தொலைபேசி இலக்கத்தையும் பெற்றுக்கொண்டார். அந்த மனிதர் மார்க் பெல்ட். எப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகத்தின் உயரதிகாரியான அவர், 1972 இல் அதன் இரண்டாவது நிலைக்கு உயர்ந்திருந்தார்.

இருவருக்குமிடையிலான தொடர்புமுறை துப்பறியும் நாவலொன்றை ஒத்திருந்தது. வூட்வேர்ட் சந்திக்க விரும்பினால், தமது குடியிருப்பின் பல்கனியில் சிவப்புக் கொடி செருகிய பூச்சாடியைப் பின்புறமாக நகர்த்தி வைப்பார். பெல்ட் சந்திக்க விரும்பினால், வூட்வேர்டின் வாசலுக்கு வரும் ‘நியூயோர்க் டைம்ஸ்’ இதழின் 20 ஆம் பக்கத்தில் கடிகாரத்தின் முட்கள் வரையப்பட்டு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்திரிகையை அவர் எவ்வாறு கைப்பற்றிக் குறியிட்டார் என்பது வூட்வேர்டுக்கே தெரியாது. பொட்டோமக் ஆற்றின் மறுகரையில், வேர்ஜினியா மாநிலத்தின் ரொஸ்லின் பகுதியில் இருந்த நிலத்தடி வாகனத் தரிப்பிடமே சந்திப்பிடம். நேரம் பெரும்பாலும் அதிகாலை 2 மணி.

அவர் செய்ததும் செய்யாததும்

திரைப்படத்தைப் பார்த்தவர்கள், பெல்ட் இரகசியங்களை அள்ளிக் கொடுத்தார். நிருபர்கள் அவற்றை எழுதினார்கள் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. அவர் தமது பெயரையோ பதவியையோ மட்டுமல்ல, தமது சொற்களையும் மேற்கோளாகக் காட்டக்கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார். பெயரில்லாத அதிகாரி என்ற அளவில்கூட அவர் மேற்கோள் காட்டப்படலாகாது. வேறிடத்தில் பெற்ற தகவல் சரியா, பிழையா என்று கூறுவதும், விசாரணையின் போக்கு எத்திசையில் செல்கிறது என்று சுட்டுவதுமே அவருடைய பங்களிப்பாக இருந்தது. அப்படத்தின் மிகப் புகழ்பெற்ற வாசகமான ‘பணத்தின் வழியே செல்’ என்ற பொருள்படும் அறிவுரை நிருபர்களின் நூலில் எங்கும் இல்லை. அது திரைக்கதை ஆசிரியர் வில்லியம் கோல்ட்மனின் பேனாவிலிருந்து வந்தது.

மெய்யான உழைப்பு வேறிடத்தில் நடந்தது. தேர்தல் குழுவில் பணியாற்றியோரின் பெயர்ப்பட்டியலைப் பெற்று, மாலை வேளைகளில் ஒவ்வொருவரின் வீட்டுக் கதவையும் இரு நிருபர்களும் தட்டினர். பெரும்பாலான கதவுகள் முகத்திலறைந்தாற்போல் மூடப்பட்டன. அஞ்சி நடுங்கிய கணக்காளர் ஒருவர், பெயர்களின் முதலெழுத்துக்களை மட்டும் தயக்கத்துடன் கூறினார். குழுவின் பொருளாளராக இருந்து மனச்சாட்சியின் உறுத்தலால் விலகிய ஹியூ ஸ்லோன், அளந்து அளந்து பேசினார். குற்றச்சாட்டொன்றை அச்சிடுவதற்கு முன் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மூலங்களேனும் அதனை உறுதிப்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் பென் பிராட்லியின் பீடம் வற்புறுத்தி வந்தது. தரிப்பிடத்தில் நின்ற மனிதர் ஒரு திசைகாட்டியாக விளங்கினார். ஆனால் அச்சேறிய செய்திகளின் அடித்தளம் வீடுவீடாகச் சென்று சேகரித்த தகவலே.

அத்தகைய எச்சரிக்கை இருந்தும் பிழை நேர்ந்தது. 1972 ஒக்டோபர் 25 ஆம் திகதி வெளியான செய்தியில், வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியான ஹோல்டமன் இரகசிய நிதியைக் கட்டுப்படுத்தியவர்களுள் ஒருவர் என்று ஸ்லோன் விசாரணை யூரிகள் சபை முன் சாட்சியமளித்ததாகக் கூறப்பட்டிருந்தது. ஸ்லோன் அவ்வாறு சாட்சியமளிக்கவில்லை என்று அவருடைய சட்டத்தரணி அன்றைய தினமே மறுத்தார். அவரிடம் அக்கேள்வி கேட்கப்படவேயில்லை. ஹோல்டமனுக்கும் நிதிக்கும் இருந்த தொடர்பு உண்மை. சாட்சியம் பற்றிய கூற்றே தவறு. அந்தச் சிறு தவறை வைத்துக்கொண்டு வெள்ளை மாளிகை முழுச் செய்தியையும் பொய்யென்று சாடியது.

இப்பிழை நேர்ந்த விதம் கவனத்துக்குரியது. செய்தியை உறுதிப்படுத்துமாறு நீதித் திணைக்களச் சட்டத்தரணி ஒருவரை பேர்ன்ஸ்டைன் தொலைபேசியில் அழைத்தார். அவர் வாய்திறந்து பேச மறுக்கவே ஒரு தந்திரம் செய்தார். தாம் பத்து வரை எண்ணப்போவதாகவும், செய்தி தவறானால் அதற்குள் தொலைபேசியை வைத்துவிடுமாறும், சரியானால் இணைப்பிலேயே இருக்குமாறும் கூறினார். எண்ணி முடிந்தது, மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தரணி அறிவுறுத்தலைத் தலைகீழாக விளங்கியிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. திரையில் இக்காட்சி பரபரப்பூட்டுகிறது. பத்திரிகைத்தொழிலில் இது ஓர் எச்சரிக்கைப் பாடம். வாய்திறந்து சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொள்வது உறுதிப்படுத்தல் ஆகாது. அடுத்த சந்திப்பில் பெல்ட் வூட்வேர்டைக் கடுமையாகக் கடிந்துகொண்டார் என்று அந்நூல் பதிவு செய்கிறது.

1973 ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சம் உச்சநிலையை எட்டியது. தங்கள் உயிருக்கு ஆபத்து நேரலாம் எனவும் உரையாடல்கள் ஒட்டுக்கேட்கப்படலாம் எனவும் பெல்ட் எச்சரித்ததைத் தொடர்ந்து, வூட்வேர்ட் தமது குடியிருப்பில் இசையை உரக்க ஒலிக்கவிட்டு, பேர்ன்ஸ்டைனிடம் கூற வேண்டியதைத் தட்டச்சு செய்து காட்டினார். அவர்களுக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை. எனினும் பத்திரிகை நிறுவனத்துக்கு வேறு வழிகளில் நெருக்கடி வந்தது. புளோரிடாவில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான தொலைக்காட்சி நிலையங்களின் அனுமதிப்பத்திரங்கள் சவாலுக்குட்படுத்தப்பட்டன. நிருபர்களின் குறிப்பேடுகளை ஒப்படைக்குமாறு தேர்தல் குழு நீதிமன்ற அழைப்பாணை பெற்றபோது, உரிமையாளர் கத்தரின் கிரஹாம் அக்குறிப்புகளின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். சிறை செல்ல நேர்ந்தால் நிருபர்களுக்குப் பதிலாகத் தாமே செல்வது என்பதே அதன் பொருள். நீதிபதி அந்த அழைப்பாணையை இரத்துச் செய்தார்.

நிக்சனை வீழ்த்தியது ஒரு பத்திரிகை மட்டுமே என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். நீதிபதி ஜோன் சிரிக்காவின் நீதிமன்றமும், சாம் ஏர்வின் தலைமையிலான செனட் விசாரணைக் குழுவும், ஜனாதிபதியின் உரையாடல்கள் பதிவு செய்யப்படுவதை 1973 ஜூலையில் அக்குழு முன் வெளிப்படுத்திய அலெக்சாண்டர் பட்டர்பீல்டும், ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றமும் இல்லாமல் அது நிகழ்ந்திராது. எப்.பி.ஐ. விசாரணையைத் தடுக்க சி.ஐ.ஏ.யைப் பயன்படுத்துமாறு நிக்சன் இணங்கியது ஒலிநாடாவில் வெளியானதும், 1974 ஆகஸ்ட் 9 ஆம் திகதி அவர் பதவி நீங்கினார். ஏனையோர் அவ்விவகாரத்தைக் கைவிட்டிருந்த மாதங்களில் அதனை அணையவிடாமல் காத்ததே அப்பத்திரிகையின் பங்காகும்.

முகமூடிக்குப் பின்னால் இருந்த மனிதர்

2005 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி, ‘வனிட்டி பெயர்’ சஞ்சிகை வாயிலாக, 91 வயதான மார்க் பெல்ட் தாமே அந்த மனிதர் என்பதை ஒப்புக்கொண்டார். அதுவரை அவர் அதனை மறுத்தே வந்திருந்தார். 1979 இல் வெளியிட்ட தமது நினைவு நூலிலும் மறுத்திருந்தார். மறுபுறத்தில் நிருபர்கள் இருவரும் அவர் இறக்கும்வரை பெயரை வெளியிடுவதில்லை என்று கொடுத்த வாக்கை 30 ஆண்டுகளுக்கு மேல் காத்தனர். ஆசிரியர் பிராட்லிகூட நிக்சன் பதவி விலகிய பின்னரே பெயரைக் கேட்டறிந்தார். பெல்ட் 2008 டிசம்பரில் காலமானார்.

பெயர் வெளியானதும், வீரர் என்று போற்றியோரும் துரோகி என்று தூற்றியோரும் சம அளவில் இருந்தனர். அவருடைய வாழ்க்கை இவ்விரு சொற்களுள் எதிலும் அடங்காது. எப்.பி.ஐ.யை அரை நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் ஆட்சி செய்த எட்கர் ஹூவர் 1972 மே 2 ஆம் திகதி இறந்தபோது, அப்பதவி தமக்கே வரும் என்று பெல்ட் எதிர்பார்த்திருந்தார். நிக்சனோ நிறுவனத்துக்கு வெளியிலிருந்து பட்ரிக் கிரேயை நியமித்தார். தமது நிறுவனத்தின் சுயாதீனத்தை வெள்ளை மாளிகை நசுக்குகிறது என்ற உண்மையான கோபமும், உரிய பதவி கிடைக்காத மனக்கசப்பும் அவருள் கலந்திருந்தன. வாரிசுப் போட்டியே அவரை இயக்கியது என்று மக்ஸ் ஹொலண்ட் என்ற ஆய்வாளர் 2012 இல் ஒரு முழு நூலே எழுதினார். கசிவுகளின் மூலத்தைக் கண்டறியும் உள்ளக விசாரணைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரும் இதே பெல்ட் தான் என்பது இக்கதையின் விசித்திரங்களுள் ஒன்று.

அதைவிடக் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. ‘வெதர் அண்டர்கிரவுண்ட்’ என்னும் தீவிரவாத இயக்கத்தைச் சேர்ந்த தலைமறைவானோரைத் தேடும் முயற்சியில், அவர்களின் உறவினர், நண்பர்களின் வீடுகளுள் நீதிமன்ற ஆணையின்றி இரகசியமாக நுழைய அனுமதித்தார் என்ற குற்றச்சாட்டில் பெல்ட் 1980 நவம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்நுழைவுகள் நிகழ்ந்தது 1972, 1973 ஆம் ஆண்டுகளில். அதாவது, ஒரு சட்டவிரோத நுழைவை உலகறியச் செய்ய உதவிய அதே காலப்பகுதியில், வேறு சட்டவிரோத நுழைவுகளுக்கு அவர் அனுமதி வழங்கிக்கொண்டிருந்தார். அவ்வழக்கில் அவருக்கு ஆதரவான முறையில் சாட்சியமளிக்க வந்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் நிக்சன். 1981 இல் ஜனாதிபதி ரேகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

நிக்சன் தரப்பு அவரை அறியாமலும் இருக்கவில்லை. 1972 ஒக்டோபர் 19 ஆம் திகதிய ஒலிநாடாவில், தகவலைக் கசியவிடுபவர் பெல்ட் என்று ஹோல்டமன் நிக்சனிடம் கூறுகிறார். நடவடிக்கை எடுத்தால் அவர் தமக்குத் தெரிந்த அனைத்தையும் கொட்டிவிடுவார் என்ற அச்சத்தினால் அவரை விட்டுவிட்டனர். மறைந்திருந்த மனிதரைக் காத்தது இருள் மட்டுமல்ல. அவர் அறிந்திருந்தவற்றின் கனமும்தான்.

இவற்றிலிருந்து பெறப்படுவது என்ன? மூலம் தூயவராக இருந்ததனால் அச்செய்தி உண்மையாகிவிடவில்லை. கலப்பான நோக்கங்கள் கொண்ட ஒருவர் கூறியவற்றை, அவரைச் சாராத சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பத்திரிகை அச்சிட்டது. அதனாலேயே அது நிலைத்தது. இரகசியம் கூறுபவரின் நேர்மை பத்திரிகையின் கையில் இல்லை. சரிபார்க்கும் கடமையோ முழுக்க முழுக்க அதன் கையிலேயே உள்ளது.

அதிகாரமே முகமூடி அணியும்போது

பெல்ட் தம்மை வெளிப்படுத்தி ஐந்து வாரங்களே கழிந்த நிலையில், 2005 ஜூலை 6 ஆம் திகதி, ‘நியூயோர்க் டைம்ஸ்’ நிருபர் ஜூடித் மில்லர் தமது மூலத்தை வெளியிட மறுத்துச் சிறை சென்றார். 85 நாட்கள் அங்கிருந்தார். புறத்தோற்றத்தில் இது வூட்வேர்டின் மரபைப் பின்பற்றிய தியாகம். உள்ளடக்கமோ வேறு. அவர் காத்த மூலம், உப ஜனாதிபதி டிக் செனியின் தலைமை அதிகாரியான லூயிஸ் லிபி. ஈராக் யுத்தத்துக்குக் கூறப்பட்ட காரணத்தை 2003 ஜூலையில் பகிரங்கமாக விமர்சித்த முன்னாள் தூதுவர் ஜோசப் வில்சனின் மனைவி வலரி பிளேம், சி.ஐ.ஏ.யின் இரகசியப் பணியாளர் என்ற தகவல் நிர்வாகத்தின் உயர்மட்டத்தினரால் பத்திரிகையாளர்களின் காதுகளில் போடப்பட்டது. சில நாட்களில் அது அச்சேறியது. அவருடைய தொழில்வாழ்வு முடிவுக்கு வந்தது. பொய்ச் சத்தியம், நீதிக்கு இடையூறு ஆகியவற்றுக்காக லிபி 2007 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

இதற்கு முன்னரே, 2002 செப்டெம்பர் 8 ஆம் திகதி, அணுவாயுதத் தயாரிப்புக்கென அலுமினியக் குழாய்களை ஈராக் தேடுகிறது என்ற செய்தியை அதே பத்திரிகை பெயர் குறிப்பிடாத அதிகாரிகளை ஆதாரமாகக் கொண்டு வெளியிட்டது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் மில்லர். அன்றைய தினமே தொலைக்காட்சியில் தோன்றிய உப ஜனாதிபதி செனி, அப்பத்திரிகைச் செய்தியையே சான்றாகக் காட்டினார். அரசு இரகசியமாகச் சொன்னது, பத்திரிகை அச்சிட்டது, பத்திரிகையில் வந்துள்ளதே என்று அரசு பகிரங்கமாகச் சொன்னது. ஒரே குரல் தன் எதிரொலியைத் தனக்கே சாட்சியாக நிறுத்திய வித்தை இது. ஆறு மாதங்களில் யுத்தம் தொடங்கியது. அத்தகைய ஆயுதத் திட்டம் எதுவும் அங்கு நடைமுறையில் இருக்கவில்லை. தமது செய்தியளிப்பு வேண்டிய அளவு கண்டிப்பானதாக இருக்கவில்லை என்று அப்பத்திரிகை 2004 மே 26 ஆம் திகதி வாசகரிடம் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஈராக் மக்கள் செலுத்திய விலையை எந்த ஒப்புதலும் ஈடுசெய்யாது.

மூலமாகப் பேசுபவருக்கு நேரக்கூடிய ஆபத்துக்கு அதே யுத்தம் ஒரு துயர உதாரணத்தையும் தந்தது. ஈராக் ஆயுதங்கள் குறித்த பிரித்தானிய அரசின் ஆவணம் மிகைப்படுத்தப்பட்டது என்று 2003 மே 29 ஆம் திகதி பி.பி.சி. செய்தியாளர் அன்ட்ரூ கிலிகன் அறிவித்தார். பெயர் கூறப்படாத அவருடைய மூலம், ஆயுதப் பரிசோதனை நிபுணரான கலாநிதி டேவிட் கெலி. யாரேனும் ஊடகவியலாளர் சரியான பெயரை ஊகித்துக் கேட்டால் அதனை உறுதிப்படுத்துவது என்று பாதுகாப்பு அமைச்சு தீர்மானித்தது. பெயர் வெளியாயிற்று. பாராளுமன்றக் குழுவொன்றின் முன் கெலி விசாரிக்கப்பட்டார். அக்குழுவினருக்கு கிலிகன் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றில், கெலி வேறொரு பி.பி.சி. செய்தியாளருக்கும் மூலமாக இருந்தார் என்ற தகவல் காணப்பட்டது. அது தமது தவறு என்று கிலிகன் பின்னர் ஒப்புக்கொண்டார். விசாரணை நடந்த அதே வாரம், ஜூலை 18 ஆம் திகதி கெலி இறந்து கிடந்தார். அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று ஹட்டன் பிரபு தலைமையிலான விசாரணை முடிவு செய்தது. அவரைக் கைவிட்டது அரசு மட்டுமல்ல என்பதே ஊடகத்துறை மறக்கக்கூடாத பகுதியாகும்.

சட்டமும் வழமையும்

மூலத்தைக் காக்கும் உரிமை அமெரிக்காவில் உறுதியான அரசியலமைப்பு உரிமை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வோட்டர்கேட் கைதுகள் இடம்பெற்று 12 நாட்களில், 1972 ஜூன் 29 ஆம் திகதி, யூரிகள் சபை முன் சாட்சியமளிக்க மறுக்கும் சிறப்புரிமை பத்திரிகையாளருக்கு இல்லை என்று ‘பிரான்ஸ்பேர்க்’ வழக்கில் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பின்னர் பல மாநிலங்கள் தனிச்சட்டங்களின் மூலம் பாதுகாப்பு வழங்கின. ஆயினும் மத்திய அரசின் வழக்குகளில் நிருபரின் வாக்குறுதிக்குப் பின்னால் நின்றது பெரும்பாலும் அவருடைய மனவுறுதியும் பத்திரிகை உரிமையாளரின் துணிவுமே.

எனவே வாக்குறுதி கொடுப்பதற்கு முன்னரே சிந்திக்க வேண்டியுள்ளது. பெயர் மறைப்பதற்குரிய காரணம் மெய்யான அச்சமா, அன்றேல் பொறுப்பிலிருந்து தப்பும் விருப்பமா? இவர் தாம் கூறுவதை நேரில் அறிந்தவரா, செவிவழி கேட்டவரா? இது வெளியானால் பயனடைபவர் யார், பாதிக்கப்படுபவர் யார்? ஆவணமோ இரண்டாவது சாட்சியோ உண்டா? மூலத்தின் பெயரை ஆசிரியபீடத்தில் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பெரும் பத்திரிகைகள் பல கைக்கொள்வது வூட்வேர்ட் காலத்தின் நம்பிக்கை மட்டும் போதாது என்று கண்டதனாலேயே. பெயரைச் சொல்ல முடியாவிடினும், அவர் எந்நிலையில் இருந்து அறிந்தார், ஏன் பெயரை மறைக்கிறார் என்பதை வாசகருக்குச் சொல்வதும் அதன்பாற்பட்டதே.

நம் வாசலில்

இவை தொலைதூர நாடுகளின் கதைகளாக மட்டும் நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், அச்சமும் வெறுப்பும் நாட்டைச் சூழ்ந்திருந்த வேளையில், அவ்வாண்டு மே 23 ஆம் திகதி சிங்கள நாளிதழ் ஒன்று தனது முதற்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நான்காயிரம் சிங்களப் பெண்களை இரகசியமாகக் கருத்தடைக்கு உள்ளாக்கினார் என்பதே அது. மூலங்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. வைத்தியரின் பெயரும் இல்லை. மறுநாளே குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டை நிரூபிக்கும் ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. மீண்டும் சேவையில் அமர்த்தப்பட 2023 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. ஒரு குடும்பத்தின் நான்கு ஆண்டுகளும், ஒரு சமூகத்தின் மீது படிந்த ஐயமும் பெயரில்லாத சில குரல்களின் விளைவாகும்.

வாஷிங்டனில் பெயரில்லாக் குரல் ஆட்சியாளரை நோக்கிப் பேசியது. பதிலளிக்கவும் மறுக்கவும் அவர்களிடம் எல்லா வசதிகளும் இருந்தன. குருநாகலில் அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழியற்ற தனிமனிதரை நோக்கிப் பேசியது. வலியோரைப் பற்றிய செய்திக்கு இரு மூலங்கள் வேண்டுமென்றால், எளியோரைப் பற்றிய செய்திக்கு எத்தனை வேண்டும் என்று ஆசிரியபீடங்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

மறுபக்கத்தையும் கூறாவிடின் இக்கட்டுரை நியாயமாகாது. பெயர் சொல்லிப் பேசுவோர் உயிர் தரிக்க இயலாத காலங்களை நாம் கண்டுள்ளோம். 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும், 2004 மே 31 ஆம் திகதி மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசனும், 2009 ஜனவரி 8 ஆம் திகதி கொழும்பின் புறநகரில் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டனர். எழுதியவர்களுக்கே இக்கதியென்றால், அவர்களிடம் தகவல் கூறியவர்கள் எத்தகைய அச்சத்தில் வாழ்ந்திருப்பர்! அத்தகையோரின் பெயரை மறைப்பது பத்திரிகையின் சலுகையன்று. அது உயிர்காக்கும் கடமை. அக்கடமைக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், வதந்தியைக் கடத்துவோருக்கும் பழிதீர்க்க விழைவோருக்கும் அதே போர்வை வழங்கப்படலாகாது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்வகையில் ஒரு மாற்றுவழியைத் திறந்துள்ளது. ஓர் அலுவலகத்தின் மூலையில் நின்று அதிகாரி முணுமுணுப்பதை, முத்திரையிட்ட ஆவணமாகவே கேட்டுப் பெறும் உரிமை குடிமகன் ஒவ்வொருவருக்கும் உண்டு. நிருபருக்கும் உண்டு. ஆவணம் கிடைக்குமிடத்தில் வட்டாரங்களை நாட வேண்டியதில்லை.

வாசகருக்கும் இதில் ஒரு பங்கு உள்ளது. ‘நம்பகமான வட்டாரங்கள்’ என்ற தொடரை அடுத்த முறை காணும்போது ஒரு கணம் நின்று, யார் யாரைப் பற்றிப் பேசுகிறார், வேறு சான்று உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். வாசகர் கேட்கும் பத்திரிகையே நிருபரைக் கேட்கும். கேட்கப்படும் நிருபரே, தரிப்பிடத்தின் இருளில் நிற்பவரிடம் பெற்ற சொல்லோடு நின்றுவிடாமல், மறுநாள் மாலை இன்னொரு கதவைத் தட்டச் செல்வார்.